காஜாக் தட்டு, க்ரீம் டிப்பு: என்ன கோளாறு, எங்க தப்பு, எப்படி சரி பண்றது

டிசம்பர் பொறந்தாச்சு, ரோஸ் ஹில் பஜார்ல லெட்சிப்பழம் கட்டுக் கட்டா வந்து இறங்கிடுச்சு. கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட 31 ராத்திரி, அப்புறம் ஜனவரி 1, 2 ரெண்டு நாளும் மொரீஷியஸ் முழுக்க லீவு, ஆக ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு யாராவது வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. சாப்பாடு எப்படியும் பத்து மணிக்குத்தான், அதுவரைக்கும் கையில எடுத்துக் கொறிக்க ஒரு பெரிய தட்டு வைப்போமே, அதுல வர்றதுக்குத்தான் இங்க காஜாக்னு பேரு. காத்தோ பிமா, சமோசா, கத்திரிக்கா பஜ்ஜி எல்லாம் காலங்காலமா இருக்கறது. இப்போ நடுவுல ஒரு கிண்ணம் க்ரீம் டிப்பு வச்சு சுத்தி காய்கறி, பிஸ்கட், பழம்னு அடுக்கற பழக்கமும் சேர்ந்திருக்கு, எங்க வீட்டு பிள்ளைங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்குது.

என்கிட்ட யாரும் ரெசிபி கேக்கறதில்ல. "அக்கா, டிப்பு தண்ணியாயிடுச்சு, இப்ப என்ன பண்றது"ன்னுதான் போன் வரும், அதுவும் விருந்தாளி வாசல்ல செருப்பு கழட்டற நேரத்துல. அதனாலதான் இதை கோளாறு வாரியா எழுதறேன், உங்களுக்கு எது நடந்துச்சோ அங்க நேரா போய் பாத்துக்குங்க. பன்னிரண்டு வருஷமா இந்த ஊர் வெயில்லயும் ஈரக்காத்துலயும் செஞ்சு பாத்ததுல எனக்குப் பட்டது ஒண்ணுதான்: இந்தத் தட்டுல வர்ற முக்கால்வாசி பிரச்சனைக்கும் காரணம் தண்ணி. காய் விடற தண்ணி, தயிர் விடற தண்ணி, காத்துல இருக்கற ஈரம். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பிடிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல நான் எதை வச்சு பேசறேன்னு சொல்லிடறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்கு என் கணக்கு, க்ரீம் சீஸ் 200 கிராம், வடிகட்டின கெட்டித் தயிர் 200 கிராம், புகை போட்ட மார்லின் மீன் 100 கிராம் பொடியா நறுக்கினது, வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, ஒரு எலுமிச்சம்பழத்துல பாதி சாறு, மிளகுத்தூள், மஸாவாரு (இந்த ஊர் மிளகாய் விழுது) கால் ஸ்பூன். சைவத்துக்கு மார்லினை விட்டுட்டு கொத்தமல்லியும் பூண்டும். உப்பு கடைசியில.

டிப்பு கலக்கும்போது நல்லா இருந்துச்சு, ஒரு மணி நேரத்துல மேல தண்ணி நிக்குது

அதிகமா வர்ற கேள்வி இதுதான். ஸ்பூனால ஒரு குழி தோண்டி அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. குழியில ஊறி நிக்கற தண்ணி லேசா பச்சையும் மஞ்சளுமா கலங்கலா இருந்தா அது தயிரோட தண்ணி, நீங்க தயிரை வடிகட்டல, இல்ல வடிகட்டினது பத்தல. தெளிவா, வெள்ளரிக்கா வாசனையோட இருந்தா அது காய் விட்ட தண்ணி.

தயிர்னா, மல்துணியில கட்டி ஒரு வடிகட்டி மேல வச்சு அடியில பாத்திரம் வச்சு ஃப்ரிட்ஜுக்குள்ள ராத்திரி முழுக்க விடணும், 500 கிராம் தயிர் போட்டா ஏறக்குறைய பாதிதான் கெட்டியா மிஞ்சும், அதைப் பாத்து ஐயோ குறைஞ்சு போச்சேன்னு சீக்கிரம் எடுத்துடாதீங்க. சமையல் மேடை மேல தொங்க விடற பழக்கத்தை இந்த மாசம் விட்டுடுங்க, போர்ட் லூயிஸ் பக்கம் வீடுன்னா காலைக்குள்ள புளிச்சுப் போயிடும்.

வெள்ளரிக்கான்னா, அது உப்பு பட்டதும் உள்ள இருக்கற தண்ணியை வெளிய விட்டுடும், அது அதோட குணம். அதனால டிப்புல போடறதுக்கு முன்னாடியே விட வச்சுடணும். துருவி அரை ஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி இருபது நிமிஷம் வச்சு, அப்புறம் துணியில போட்டு ரெண்டு கையாலயும் முறுக்கிப் பிழியுங்க. நான் ஒரு பெரிய வெள்ளரிக்காயைப் பிழிஞ்சா அரை டம்ளருக்குக் கிட்ட தண்ணி வரும், அத்தனையும் டிப்புக்குள்ள போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நடுவுல இருக்கற விதைப் பகுதியை ஸ்பூனால சுரண்டிடறது இன்னும் நல்லது. தக்காளிக்கும் அதேதான்.

ஏற்கனவே தண்ணியாயிடுச்சு, ஆளும் வந்தாச்சுன்னா, மேல நிக்கற தண்ணியை சாய்ச்சு ஊத்திட்டு, க்ரீம் சீஸ் மிச்சம் இருந்தா தனியா ஒரு கிண்ணத்துல நாலு ஸ்பூன் போட்டு வழவழன்னு அடிச்சு, அதுக்குள்ள இந்த டிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. க்ரீம் சீஸ் இல்லன்னா மல்துணியில கொட்டி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வடிய விடுங்க. சோளமாவைப் பச்சையா போட்டுக் கலக்காதீங்க, வேகாத மாவு நாக்குல சுண்ணாம்பு மாதிரி ஒட்டும், தண்ணியும் நிக்காது.

டிப்பு கசக்குது, போதாக்குறைக்கு இளகிப் போச்சு

உள்ள பச்சை அன்னாசி, அதாவது வேக வைக்காத அன்னாசி, போட்டீங்களா? போட்டிருந்தா வேற எங்கயும் தேட வேண்டாம்.

இதை நான் அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. நாங்க இந்த ஊருக்கு வந்த ரெண்டாவது வருஷம், 31-ஆம் தேதி, நல்ல பழுத்த விக்டோரியா அன்னாசி, சின்னதா இருந்தாலும் தேன் மாதிரி இருக்குமே அது, பொடிப் பொடியா நறுக்கி க்ரீம் சீஸோட கலந்து கொஞ்சம் மிளகாய் உப்பு தூவி சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். கலக்கினப்ப ருசி பாத்தேன், அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஒன்பது மணிக்கு எடுத்து மூடியைத் திறந்தா ஓரமெல்லாம் விட்டுப் போய் நடுவுல மஞ்சத் தண்ணி குட்டை மாதிரி நிக்குது, ஸ்பூன்ல எடுத்தா வழியுது, வாயில வச்சா நாக்கோட பின்பக்கம் ஒரு கசப்பு, வேப்பங்கொழுந்து மாதிரி. பழம் கெட்டுப் போச்சோ, க்ரீம் சீஸ் பழசோன்னு டப்பாவை எடுத்து தேதி பாக்கறேன், எல்லாம் சரியா இருக்கு. அன்னிக்கு அந்தக் கிண்ணத்தை அப்படியே எடுத்து வச்சுட்டு மஸாவாருவையும் மயோனைஸையும் கலந்து தட்டுல வச்சேன்.

காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. பச்சை அன்னாசியில ப்ரோமலைன்னு ஒரு நொதி இருக்கு, அது புரதத்தைத் துண்டு துண்டா வெட்டற வேலை பண்றது. பால்ல இருக்கற புரதம்தானே டிப்பைக் கெட்டியா பிடிச்சு வைக்குது, அதை வெட்டினா இளகிடும், வெட்டுப்பட்ட துண்டுங்க சிலது கசக்கும். அன்னாசி நிறைய சாப்பிட்டா நாக்கு எரியறதும், பச்சை அன்னாசி போட்ட ஜெல்லி உறையாம போறதும் இதே ஆளோட வேலைதான். பப்பாளி, கிவி ரெண்டுலயும் இதே மாதிரி நொதி இருக்கு, அதனால அதுங்களையும் பச்சையா க்ரீமுக்குள்ள போட வேண்டாம்.

கசந்த டிப்பைத் திருப்ப முடியாது, சக்கரை போட்டாலும் எலுமிச்சை பிழிஞ்சாலும் கசப்பு போகாது, ஒதுக்கிடுங்க. அடுத்த தடவை அன்னாசியை நறுக்கி ஒரு வாணலியில போட்டு அதோட சாறுலயே அஞ்சு நிமிஷம் நல்லாக் கொதிக்க விட்டு, தண்ணி சுண்டினதும் இறக்கி, முழுசா ஆறினதுக்கு அப்புறம் கலக்குங்க. சூடு பட்டா அந்த நொதி செத்துடும். டின்ல வர்ற அன்னாசி ஏற்கனவே சூடு பண்ணினதுதான், அதைப் பயமில்லாம போடலாம், சாறை மட்டும் வடிச்சுடுங்க. இல்லன்னா என் மாதிரி பண்ணுங்க, பச்சை அன்னாசியைத் தட்டு ஓரத்துல மிளகாய் உப்பு தூவி தனியா வச்சுடறேன், இந்த ஊர் கடற்கரையில விக்கற மாதிரி. டிப்புல தொட்டு உடனே வாயில போட்டா ஒண்ணும் ஆகாது, ஒண்ணா ஊறினாத்தான் வம்பு.

கட்டி கட்டியா இருக்கு

க்ரீம் சீஸை ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே கலந்திருக்கீங்க. அரை மணி நேரம் வெளிய வச்சு, வேற எதுவும் சேக்காம முதல்ல அதை மட்டும் தனியா அடிச்சு வழவழன்னு ஆக்கிட்டு அப்புறம்தான் தயிர், எலுமிச்சை எல்லாம், அதுவும் ஒவ்வொரு ஸ்பூனா. ஏற்கனவே கட்டி தட்டிடுச்சுன்னா வெதுவெதுப்பான தண்ணி இருக்கற பாத்திரத்து மேல கிண்ணத்தை வச்சு மெதுவா கிண்டுங்க, இல்ல சல்லடையில போட்டுத் தேய்ச்சு எடுங்க. மிக்ஸியில போட்டு ஓட்டாதீங்க, ரொம்ப அடிச்சா க்ரீம் சீஸ் இளகி மோர்க்குழம்பு பதத்துக்கு வந்துடும்.

க்ரீமை அடிச்சு சேக்கறவங்களுக்கு வேற மாதிரி ஒரு கட்டி வரும், மணல் மணலா. அது க்ரீம் வெண்ணெயாகத் தொடங்கிடுச்சுன்னு அர்த்தம். அடிக்கறதை அங்கயே நிறுத்திட்டு குளிர்ந்த க்ரீம் ரெண்டு மூணு ஸ்பூன் ஊத்தி கையால மெதுவா கலந்தா பெரும்பாலும் திரும்பிடும்.

வீட்ல செஞ்ச மயோனைஸ் திரிஞ்சு எண்ணெய் தனியா நிக்குது

எண்ணெயை அவசரப்பட்டு ஊத்தினதுதான் காரணம். புதுக் கிண்ணத்துல ஒரு முட்டை மஞ்சக்கரு, அதுல திரிஞ்சதை எண்ணெய் ஊத்தற மாதிரியே சொட்டுச் சொட்டா விட்டு அடிச்சுக்கிட்டே வாங்க, சேந்துடும். ஆனா பண்டிகைத் தட்டுக்கு நான் கடையில வாங்கினதைத்தான் போடறேன், பச்சை முட்டையில சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், நம்ம தட்டு மணிக்கணக்கா வெளிய இருக்கு, சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, மாசமா இருக்கறவங்க எல்லாரும் அதுலதான் கை வைக்கறாங்க.

உப்புக் கரிக்குது

மார்லின் புகை போடறதுக்கு முன்னாடியே உப்புல ஊறினது. அது டிப்புல அரை மணி நேரம் இருந்தா உப்பு மெதுவா வெளிய இறங்கும், அதனாலதான் உப்பு கடைசியிலன்னு சொன்னேன், நிறைய நாள் எனக்குப் போடவே தேவைப்படறதில்ல. கரிச்சா தயிரோ க்ரீம் சீஸோ கூட்டறதைத் தவிர வேற வழி கிடையாது. எலுமிச்சை கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான்.

மீன் பத்தி ஒரு முக்கியமான விஷயம். மார்லின் பெரிய மீன், பாதரசம் அதிகமா சேர்ற மீன்கள்ல அதுவும் ஒண்ணு, போதாததுக்கு புகை போட்டதை நாம சமைக்காம சாப்பிடறோம். மாசமா இருக்கற பொண்ணு யாராவது வர்றாங்கன்னா அவங்களுக்குத் தனிக் கிண்ணம் வச்சு, இதுல மீன் இல்லம்மான்னு வாய்விட்டு சொல்லிக் குடுங்க.

காரம் தலைக்கு ஏறுது

மஸாவாரு கலந்த உடனே காரம் தெரியாது, மிளகாய்ல இருக்கற காரம் கொழுப்புல கரையறது, க்ரீமுக்குள்ள மெதுவா பரவும், அதனால மூணு மணிக்கு சரியா இருக்கறது எட்டு மணிக்கு அதிகமாத் தெரியும். கால் ஸ்பூனோட நிறுத்திட்டு மேல ஒரு சொட்டு அலங்காரமா விடுங்க, வேணுங்கறவங்க அதுல தொட்டுக்கட்டும். அதிகமாயிடுச்சுன்னா தயிர், க்ரீம் எது இருக்கோ கூட்டுங்க, பால்ல இருக்கற புரதமும் கொழுப்பும் காரத்தைப் பிடிச்சுக்கும்.

பச்சைப் பூண்டு நெடிக்கும் இதே கதைதான். பூண்டை நசுக்கி நேரா டிப்புல போடாம எலுமிச்சை சாறுல பத்து நிமிஷம் ஊற விட்டுப் போடுங்க, புளிப்புல அந்த நெடி எழும்பாது. ஒரு பல்லு போதும், ரெண்டாவது பல்லு எடுக்கற கையைப் பிடிச்சுக்குங்க.

பிஸ்கட் நமுத்துப் போச்சு

இந்தத் தீவுல டிசம்பர்லேர்ந்து காத்துல ஈரம் ஏறிடும், பாக்கெட் பிரிச்ச பிஸ்கட் அரை மணி நேரம் தாங்காது. க்யூர்பிப் மேட்டு நிலம், கிட்டத்தட்ட 550 மீட்டர் உயரம், போர்ட் லூயிஸை விட நல்லாவே குளிரும், அதனால அங்க டிப்பு நல்லா நிக்கும், ஆனா மழையும் ஈரமும் ஜாஸ்தி, பிஸ்கட் சீக்கிரம் நமுக்கும். கீழ கடலோரத்துல இதுக்கு நேர்மாறா டிப்புதான் முதல்ல விழும். உங்க வீடு எங்க இருக்குன்னு பாத்து எதுல கவனம் வைக்கணும்னு முடிவு பண்ணிக்குங்க.

நமுத்ததை 150 டிகிரி அவன்ல அஞ்சாறு நிமிஷம் வச்சு வெளிய எடுத்து ஆற விடுங்க, ஆறினப்புறம்தான் மொறுமொறுப்பு திரும்பும், சூடா இருக்கும்போது தொட்டுப் பாத்துட்டு இன்னும் ஆகலன்னு கருக விட்டுடாதீங்க. தட்டுல பிஸ்கட்டை நறுக்கின பழத்துக்கும் வெள்ளரிக்காவுக்கும் பக்கத்துல அடுக்கினா அந்த ஈரத்தையும் அது இழுத்துக்கும், நடுவுல வேர்க்கடலையோ முழு லெட்சியோ வச்சு வேலி கட்டுங்க. மாஹேபூர்ல 1870-லேர்ந்து சுடற மரவள்ளி பிஸ்கட் இருக்கே, அது கெட்டியா இருக்கறதால மீன் டிப்புக்கு நல்லாத் தாங்கும், கோதுமை ஆகாதவங்களும் சாப்பிடலாம்.

காத்தோ பிமா எண்ணெய் குடிக்குது, இல்ல ஆறினதும் தொளதொளன்னு ஆயிடுது

காத்தோ பிமா வேற யாரும் இல்ல, நம்ம பருப்பு வடைதான், கப்பல் ஏறி வந்து சின்ன உருண்டையா மாறிடுச்சு. நம்ம வடைக்கு என்ன பக்குவமோ அதேதான் இதுக்கும்: பருப்பு நாலு மணி நேரம் ஊறணும், வடிகட்டியில அரை மணி நேரம் தண்ணி வடியணும், அரைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி விடக் கூடாது, கரகரன்னு இருக்கணும், அங்கங்க ஒரு முழுப் பருப்பு கண்ணுக்குத் தெரியணும். தண்ணி விட்டு அரைச்ச மாவு எண்ணெயில போட்டதும் பிரியும், எண்ணெயைக் குடிக்கும். அப்படி ஆயிடுச்சுன்னா ரெண்டு ஸ்பூன் அரிசி மாவு சேத்துப் பாருங்க. உப்பையும் வெங்காயத்தாளையும் சுடப் போற நேரத்துல போடுங்க, முன்னாடியே போட்டு வச்சா அதுவும் தண்ணி விடும். எண்ணெய் 175 டிகிரி பக்கம், தெர்மாமீட்டர் இல்லன்னா ஒரு துளி மாவு போட்டா கீழ போய் உடனே நுரைச்சுக்கிட்டு மேல வரணும்.

சுட்டு எடுத்ததும் டப்பாவுல போட்டு மூடறதுதான் பெரிய தப்பு. சூட்டோட கிளம்பற ஆவி மூடியில பட்டு தண்ணியாகி திரும்ப அதுங்க மேலயே சொட்டும். கம்பி வலையிலயோ மூங்கில் தட்டுலயோ பரப்பி ஆற விடுங்க. பரிமாறறதுக்கு முன்னாடி 180 டிகிரி அவன்ல ஆறேழு நிமிஷம், மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

கேரட் வாடிப் போச்சு

நறுக்கினதை ஐஸ் தண்ணியில இருபது நிமிஷம் போடுங்க, நிமிந்துடும். எடுத்து துணியில நல்லாத் துடைச்சு அப்புறம்தான் தட்டுக்கு.

நேரம் ஆக ஆக டிப்பு வழியுது, லேசா புளிச்ச வாசனை வருது

இதுல மட்டும் யார் சொன்னாலும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். பால், மீன், மயோனைஸ் சேந்தது எதுவா இருந்தாலும் வெளிய ரெண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல போயிட்டா ஒரே மணி நேரம். வராந்தாவுல, மாமரத்தடியில எல்லாம் தட்டு வைக்கறோம், டிசம்பர் பகல்ல கடலோரத்துல அந்த சூடு வந்துடும். அதனால ஒரே பெரிய கிண்ணம் வேண்டாம், நாலு சின்னக் கிண்ணமா பிரிச்சு மூணை ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு ஒண்ணை மட்டும் வெளிய வைங்க, அதையும் ஐஸ் கட்டி போட்ட அகலமான பாத்திரத்துக்குள்ள உக்கார வைங்க. தீந்ததும் கிண்ணத்தோட மாத்துங்க, பழைய கிண்ணத்துல இருக்கற மிச்சத்து மேல புதுசைக் கொட்டாதீங்க, பழசுல இருக்கற கிருமி புதுசுக்கும் போயிடும். எவ்வளவு வேணும்னு கேட்டா, சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்கறதுக்கு ஒருத்தருக்கு மூணு ஸ்பூன் டிப்பு, ஏழெட்டு துண்டு காஜாக் போதும்.

தட்டு நிறைய வச்சும் பாதிப் பேர் கை வைக்கல

இது சமையல் கோளாறு இல்லன்னாலும் என்னை ரொம்ப வருத்தப்பட வைக்கறது இதுதான். நம்ம வீட்டுக்கு வர்றவங்கள்ல சைவம் இருப்பாங்க, மாட்டுக்கறி தொடாதவங்க, பன்னி தொடாதவங்க எல்லாரும் இருப்பாங்க, மீனும் காயும் ஒரே தட்டுல ஒட்டிக்கிட்டு இருந்தா சைவக்காரங்க ஒண்ணும் சொல்லாம சும்மா ஒரு கிளாஸ் ஜூஸோட உக்காந்திருப்பாங்க. ரெண்டு தட்டா பிரிச்சுடுங்க, ரெண்டுக்கும் ஸ்பூன் தனி, பஜ்ஜி சுடற எண்ணெயும் தனி. கடைத் தயிர் சிலதுல கெட்டியா நிக்க ஜெலட்டின் சேத்திருப்பாங்க, அது மிருகத்துலேர்ந்து எடுக்கறது, வாங்கும்போதே லேபிளைப் படிச்சுடுங்க. போன வருஷம் எங்க மாமியார் சைவத் தட்டை நடுவுல வச்சு மீன் தட்டை ஓரத்துல தள்ளி வச்சாங்க, முதல்ல காலியானது நடுவுல இருந்ததுதான்.

மிச்சம் இருக்கு, வச்சுக்கலாமா

மேசைக்குப் போய்ட்டு வந்த கிண்ணத்தைக் கொட்டிடுங்க, மனசு கேக்கலன்னாலும். ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வராத கிண்ணம் ரெண்டு நாள் நிக்கும், ஃப்ரீசர்ல மட்டும் வைக்காதீங்க, உருகினதும் தயிர் தனியா தண்ணி தனியா பிரிஞ்சுடும். நாங்க அதை ரெண்டாம் தேதி காலையில ரொட்டியில தடவி வெள்ளரிக்கா வச்சு சாப்பிடுவோம். தயிர் வடிஞ்ச தண்ணியையும் கீழ ஊத்தாதீங்க, அதுல சப்பாத்தி மாவு பிசைஞ்சா அவ்வளவு மெத்துன்னு வரும்.